முழுக்குக்காரர்களின் நெசவாளி

முதல் நாள்: ஜெர்மன்டவுன்

தங்கச்சி வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. ஃபிலடெல்ஃபியாவில் விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்த்தாயிற்று, மாலுக்கும் போயாயிற்று. இன்று காலை யாரையும் தொந்தரவு செய்யாமல் தனியாக ரயிலேறி ஜெர்மன்டவுனில் இறங்கினேன். நகரத்தின் வடமேற்கு மூலை அது. பழைய டிராம் தண்டவாளம் பதிந்த ஒரு நீண்ட சாலை, இருபுறமும் சாம்பல் நிறக் கல் வீடுகள், நடுநடுவே முடிதிருத்தகம், பீட்சா கடை, மூடிக் கிடக்கும் தியேட்டர்.

என்னை இங்கே இழுத்து வந்தது ஒரு முத்திரை. இந்த ஊர் தனிப் பட்டணமாக இருந்தபோது அதை நிறுவிய பாஸ்டோரியஸ் வரைந்தது. மூன்று இதழ் கொண்ட ஒரு புல்லிலை. ஒரு இதழில் திராட்சைக் கொடி, இன்னொன்றில் ஆளிப் பூ, மூன்றாவதில் நெசவாளியின் நூல்கண்டு. சிங்கத்தையும் வாளையும் முத்திரையாக வைத்துக்கொண்ட ஊர்கள் எத்தனையோ உண்டு. நூல்கண்டை வைத்துக்கொண்ட ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. தாத்தா சென்னிமலையில் தறி ஓட்டியவர். அம்மா பாவாடை கட்டிய வயதிலேயே தார் சுற்றியவள், அதாவது நெய்வதற்கான குறுக்கு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்தவள். ஐ.டி. வேலைக்குப் போன நான்தான் குடும்பத்தில் தறியைத் தொடாத முதல் ஆள். அப்படிப்பட்ட முத்திரையைப் பார்த்துவிட்டு வராமல் இருக்க முடியுமா?

1683 அக்டோபரில் கான்கார்டு என்ற கப்பலில் பதின்மூன்று குடும்பங்கள் வந்து இறங்கின. ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் பக்கத்து ஆட்கள். பெரும்பாலும் லினன் நெசவாளிகள். காட்டை வெட்டி, முதல் குளிர்காலத்தை மண்ணைத் தோண்டிய குழிக்குள் கழித்தார்கள். அடிமை வியாபாரத்தை எதிர்த்து 1688-ல் நாலு பேர் கையெழுத்திட்ட புகழ்பெற்ற மனு இந்த ஊரில் எழுதப்பட்டதுதான். அந்த நாலு பேரில் ஒருவரான ஆப்ரஹாம் ஒப் டென் கிராஃப், நான்தான் முதல் நேர்த்தியான லினன் துணி நெய்தேன், ஆளுநர் அறிவித்த பரிசு எனக்கே வரவேண்டும் என்று 1686-ல் விண்ணப்பம் போட்டவர். தாத்தா இருந்திருந்தால் அவரோடு ஒத்துப் போயிருப்பார் என்று தோன்றியது.

ஆனால் நான் தேடி வந்த ஆள் இவரில்லை. பெயர் பீட்டர் பெக்கர். 1719-ல் சுமார் இருபது குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு இதே ஊருக்கு வந்த நெசவாளி. அவரைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கால் வலிக்கிறது, மழை வேறு.

இரண்டாம் நாள்: விஸ்ஸாஹிக்கன் ஓடை

மாப்பிள்ளை இன்று லீவு போட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எதுக்குங்க மச்சான் இந்தக் காட்டுக்குள்ள?" என்று கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார்.

முதலில் ரிட்டன்ஹவுஸ் டவுன். அமெரிக்காவின் முதல் காகித ஆலை 1690-ல் நின்ற இடம். இப்போது ஓடைக்கரையில் சில பழைய வீடுகள்தான் இருக்கின்றன. மரக்கூழில் காகிதம் செய்யும் வித்தை அப்போது கிடையாது. கிழிந்த லினன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் வடித்துக் காகிதம் எடுத்தார்கள். மேலே ஊரில் ஆளி பயிராகிறது. அது நூலாகி, துணியாகி, சட்டையாகி, கந்தலாகி இங்கே வந்து காகிதமாகிறது. நெசவாளி ஊருக்குப் பக்கத்தில் காகித ஆலை முளைத்தது தற்செயல் இல்லை.

ஆளியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கடையில் வாங்கும் ஆளிவிதையின் செடிதான். அதன் தண்டில் இருக்கிறது நார். வேரோடு பிடுங்கி, விதையை உருவி, தண்டைப் பனிப் புல்லில் வாரக்கணக்கில் பரப்பி வைப்பார்கள், அல்லது குட்டையில் ஊறப்போடுவார்கள். அழுகி நாற்றமெடுத்த பிறகு காயவைத்து, மரக் கருவியில் போட்டு நொறுக்கி, சக்கையை அடித்து உதிர்த்து, இரும்பு முள் வைத்த சீப்பில் இழுத்து இழுத்துச் சீவ வேண்டும். நீள நார் வேட்டி மாதிரி நயமான துணிக்கு. சீப்பில் சிக்கிய குட்டை நார் கோணிக்கு. அதற்குப் பிறகுதான் ராட்டையே வரும். பருத்தி எவ்வளவு சாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஓடை. விஸ்ஸாஹிக்கன் என்பது பள்ளத்தாக்குக்குள் ஓடும் ஒரு சின்ன ஆறு. கரையோரம் கார் நுழையாத சரளைப் பாதை. இலைகள் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்துகொண்டிருந்தன. கிச்சன்ஸ் லேன் பக்கம் இறங்கி, பழைய முழுக்குத்துறை என்று சொல்லப்படும் இடத்தில் உட்கார்ந்தோம்.

பெக்கர் சேர்ந்திருந்த சபை 1708-ல் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸெனாவ் என்ற கிராமத்தில் எட்டுப் பேரோடு தொடங்கியது. குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் ஞானஸ்நானம் ஆகாது, விவரம் தெரிந்தவன் தானாக வந்து ஆற்றில் மூன்று முறை முன்பக்கமாக முழுக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஜெர்மன் பாப்டிஸ்டுகள் என்று பெயர். அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப்பெயர் 'டங்கர்'. தமிழில் முழுக்குக்காரர்கள் என்று சொல்லலாம்.

பெக்கர் கூட்டிவந்த இருபது குடும்பங்களும் இங்கே இறங்கியதுமே சிதறிவிட்டன. க்ரேஃபெல்டில் இருந்தபோதே சபைக்கு வெளியே நடந்த ஒரு கல்யாணத்தை வைத்து இரண்டு கட்சி. அந்தக் கசப்பும் கப்பலேறி வந்தது. நிலம் கிடைத்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூன்று வருஷம் போல ஆராதனையே நடக்கவில்லை. பெக்கர் ஜெர்மன்டவுனில் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். 1722-ல் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேசினார். அவருக்குப் பிரசங்கம் அவ்வளவாக வராது என்றுதான் சபை வரலாறு சொல்கிறது. பாட்டும் ஜெபமும் நன்றாக வருமாம். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆறு பேர் ஞானஸ்நானம் கேட்டு வந்து நின்றார்கள். கொடுப்பதற்குப் போதகர் இல்லை. இருந்தவர்கள் கூடிப் பேசி, நெசவாளி பெக்கரை முன்னே தள்ளினார்கள். இந்த ஓடையில் இறங்கி ஆறு பேருக்கும் முழுக்குக் கொடுத்தார். அன்று இரவே ஒரு வீட்டில் ஒருவர் காலை ஒருவர் கழுவி, சேர்ந்து சாப்பிட்டார்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர். அமெரிக்காவில் அந்தச் சபையின் தொடக்கம் அதுதான்.

அக்டோபர் தண்ணீரில் நான் கையை விட்டுப் பார்த்தேன். முப்பது எண்ணுவதற்குள் விரல் மரத்துவிட்டது. டிசம்பர் 25-ல், இடுப்பளவு நீரில், மூன்று முறை! மாப்பிள்ளை ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு, "நமக்கு ஈரோட்டுக் காவேரியே போதுங்க" என்றார்.

மூன்றாம் நாள்: கல்லறை

சின்ன நாள். ஜெர்மன்டவுன் சாலையிலேயே மேலே நடந்தால் அந்தச் சபையின் கல்லால் கட்டிய கோயில், 1770-ல் எழுப்பியது. பின்னால் கல்லறைத் தோட்டம். சபையை நிறுவிய அலெக்சாண்டர் மாக் 1729-ல் இங்கே வந்து, 1735-ல் இறந்தவர். அவருடைய எலும்புகளை வேறொரு இடுகாட்டிலிருந்து 1894-ல் எடுத்துவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். பெக்கர் இங்கே இல்லை.

இந்த ஊரில்தான் கிறிஸ்டோபர் சௌவர் என்ற இன்னொரு பல தொழில் வல்லவர் இருந்தார். தையல், கடிகாரம், மருந்து என்று எல்லாம் பார்த்து, கடைசியில் அச்சகம் போட்டு, 1743-ல் ஜெர்மன் மொழி பைபிளை அச்சிட்டார். ஐரோப்பிய மொழி ஒன்றில் அமெரிக்காவில் அச்சான முதல் பைபிள் அது. அவர் மகன் காலத்துப் பதிப்பின் கட்டப்படாத தாள்களை 1777 போரில் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போய்த் துப்பாக்கித் தோட்டாவுக்குச் சுற்றினார்களாம். ஆளி, நூல், துணி, கந்தல், காகிதம், பைபிள், தோட்டா. சங்கிலி முடிந்தது என்று நேற்று நினைத்தது தப்பு.

நாலாம் நாள்: எஃப்ராட்டா

இதற்காகத்தான் இந்தப் பயணம். மேற்கே நூறு கிலோமீட்டர். சோளக் காடுகள், குதிரை வண்டியில் ஆமிஷ் குடும்பங்கள், கோகாலிகோ ஓடை. அதன் கரையில் செங்குத்தான கூரையும் சின்னச் சின்ன ஜன்னலுமாக உயர்ந்த மரக் கட்டடங்கள். எஃப்ராட்டா மடம்.

பெக்கரின் தறிக்கும் இந்த மடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1720-ல் கான்ராட் பைசல் என்ற இளைஞர் ஜெர்மன்டவுன் வந்து சேர்ந்தார். வயது இருபத்தொன்பது. பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார், எட்டு வயதில் அம்மாவும். தொழில் ரொட்டி சுடுவது. விஸ்ஸாஹிக்கன் காட்டில் கெல்பியஸ் என்ற துறவியின் கூட்டம் இருக்கிறது, அதில் சேரலாம் என்று கடல் கடந்து வந்தவர். வந்து பார்த்தால் கெல்பியஸ் இறந்தே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, கூட்டமும் கலைந்துவிட்டது. ரொட்டித் தொழிலும் ஓடாது, இங்கே எல்லா வீட்டிலும் அவரவரே சுட்டுக்கொள்கிறார்கள். அப்போது பெக்கர்தான் அவரை வீட்டோடு சேர்த்துக்கொண்டு நெசவு சொல்லிக் கொடுத்தார். ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, மேற்கே கோனெஸ்டோகா காட்டுக்குப் போய்க் குடிசை போட்டார் சீடர்.

1724 இலையுதிர் காலத்தில் பெக்கரும் சபையாரும் பதினாலு பேர், ஏழு பேர் குதிரையிலும் ஏழு பேர் நடந்துமாக, இந்தப் பக்கம் ஊழியத்துக்கு வந்தார்கள். பெக்குவே ஓடையில் முழுக்கு நடந்தது. பைசல் கரையில் நின்று யோசித்தார். ஞானத்தில் தன்னைவிடக் குறைந்தவர் பெக்கர், அவர் கையால் நான் முழுகுவதா? பிறகு இயேசுவே யோவான் கையால்தானே ஞானஸ்நானம் வாங்கினார் என்று சமாதானம் செய்துகொண்டு இறங்கினார். இதை மடத்தின் சொந்த வரலாற்று நூலே, 1786-ல் இங்கேயே அச்சிட்டது, பெருமையாகச் சொல்கிறது. சாப்பாடு போட்டுத் தொழில் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி! எனக்கு அந்த இடத்தில் கோபமே வந்தது.

நாலே வருஷத்தில் பிரிந்தார்கள். சனிக்கிழமைதான் ஓய்வுநாள், கல்யாணம் செய்யாமல் இருப்பதே உயர்ந்த வாழ்வு என்று பைசல் போதித்தார். 1728 இறுதியில், பெக்கரிடம் வாங்கிய ஞானஸ்நானத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஓடையில் இறங்கிப் பின்பக்கமாக முழுகி, பிறகு புதிதாக ஒரு முழுக்குப் போட்டார்கள். வாங்கின கடனைத் திருப்பிக் கட்டுவது போல. 1732-ல் இந்த ஓடைக்கரைக்கு வந்தார் பைசல், பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். நூற்றாண்டின் நடுவில் துறவிகளும் சுற்றுவட்டக் குடும்பங்களுமாகக் கிட்டத்தட்ட முந்நூறு பேர். ஜெர்மன்டவுன் சௌவரின் மனைவியே வீட்டை விட்டு வந்து இங்கே பல வருஷம் கன்னியாஸ்திரியாக இருந்தார். அதற்கப்புறம் சௌவர் பைசலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வாரா?

சகோதரிகள் தங்கிய சாரோன் வீட்டுக்குள் போனோம். வாசல்கள் தாழ்வு, நடைகள் ஒடுக்கம். குனிந்து போகப் பணிவு வரும் என்று கணக்கு. ஐந்தடி நாலு அங்குலக்காரனான எனக்கு அவ்வளவாகக் குனிய வேலையில்லை, பணிவும் வரவில்லை. மாப்பிள்ளை ஆறடி, அவர் பணிவோடு வந்தார். படுக்கை பதினைந்து அங்குல அகலமுள்ள மரப் பலகை. தலைக்கு ஒரு மரக்கட்டை. ஒன்பது மணிக்குப் படுத்து நள்ளிரவில் எழுந்து இரண்டு மணி வரை ஆராதனை, மறுபடி ஐந்து வரை தூக்கம். நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, காய்கறிதான்.

பைசல் இசையை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. தானாகவே ஒரு முறையை உண்டாக்கினார். ஸ்வரங்களில் சில எஜமான், சில வேலைக்காரன் என்று பிரித்து, அந்தக் கணக்கில் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். பாடுகிறவர்கள் வாயை அதிகம் திறக்கக் கூடாது, குரலுக்குத் தக்கபடி உணவுக் கட்டுப்பாடு. சகோதரிகளில் சிலரும் மெட்டுப் போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். தூரத்துக் கோயிலில் யாரோ முனகுவது போல இருந்தது, ஆனால் விட்டு வர மனசில்லை.

இங்கேயும் ஆலைகள் இருந்தன. மாவு, எண்ணெய், மரம் அறுப்பது, காகிதம் எல்லாம். இந்தக் காகிதத்தில்தான் 1748-49-ல் மெனோனைட்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினருக்காகத் தியாகிகளின் வரலாறு ஒன்றை 1,512 பக்கத்தில், 1,300 பிரதி அச்சிட்டார்கள். பதினைந்து பேர், மூன்று வருஷ வேலை. அந்தத் தாள்களுக்கும் போர்க்காலத்தில் தோட்டாவாகிற கதிதான்.

நான் காத்திருந்தது நெசவு வீட்டுக்கு. உள்ளே தறி. நம்ம ஊர்க் குழித்தறியில் நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விடுவார். இது கட்டில் போலப் பெரிய மரச் சட்டம், மேலே பெஞ்சு. மற்றபடி பாவு, விழுது, அச்சு, மிதி எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. குறுக்கு நூலைச் சுமந்து பாவுக்குள் ஓடுவது நாடா. இழுத்துவிட்டால் தானே ஓடுகிற நாடா 1733-ல்தான் இங்கிலாந்தில் காப்புரிமை ஆனது. பெக்கர் நெய்த காலத்தில் நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். கை எட்டுகிற அகலம்தான் துணியின் அகலம். லினன் நூல் உலர்ந்தால் பட்டென்று அறும், அதனால் ஈரமான நிலவறையில் தறி போடுவார்களாம். குழித்தறியின் ஈரமும் அதற்குத்தான் உதவும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாடா ஒன்று தனியாக இருந்தது. ஓரம் விரல் பட்டு வழவழத்திருந்தது. தொடக் கூடாது என்று பலகை. தொடவில்லை.

போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அங்கே நடு ராத்திரி.

வெளியே கல்லறையில் பைசலின் கல் இருக்கிறது. 1768-ல் இறந்தார். ஆன்மிக வயது 52, இயற்கை வயது 77 வருஷம் நாலு மாதம் என்று இரண்டு கணக்கு வெட்டியிருக்கிறார்கள். ஆன்மிக வயதை எண்ண ஆரம்பித்தது அவருக்குத் தெளிவு பிறந்த ஆண்டிலிருந்து. அதிலும் பெக்கர் வீட்டில் இருந்த வருஷம் அடங்கும்தான்.

துறவிகளில் கடைசி ஆள் 1813-ல் போனார். இடத்தை 1941-ல் மாநில அரசு வாங்கியது. நினைவுப் பொருள் கடை, பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள். பைசலுக்கு வீடு, கல்லறை, அருங்காட்சியகம், குறுந்தகடு. குருவுக்கு?

ஐந்தாம் நாள்: ஹார்லிஸ்வில்

திரும்பும் வழியில் சுற்றிக்கொண்டு வந்தோம். பெக்கர் கடைசிக் காலத்தில் ஜெர்மன்டவுனிலிருந்து மகள் வீட்டோடு ஸ்கிப்பாக் பக்கம் வந்துவிட்டார், 1758-ல் இறந்தார். இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு முதியோர் குடியிருப்பு இருக்கிறது. சாலையில் பெயர்ப் பலகை, புல்வெளி, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பாட்டிகள். அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேசின மனுஷனுக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

காரில் ஏறியதும் அம்மாவின் குரல் பதிவு வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"தறி பார்த்தேன் கண்ணு. மேல உக்காந்து நெய்யற தறி, முதுகு வலி இருக்காது. சரி, நீ சொன்ன அந்தப் பீட்டரு, அவருக்குத் தார் யாரு சுத்திக் குடுத்தா?"

நாலு நாளாக நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. நெசவாளி ஒருத்தன் உட்கார்ந்தால் நூற்கவும் தார் சுற்றவும் வீடே உட்கார வேண்டும், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மகள்கள் இரண்டு பேர் என்று மட்டும் படித்திருந்தேன். மேரி, எலிசபெத். மேரியைக் கட்டிக்கொடுத்தது ஹார்லி வீட்டில், இந்த ஊர்ப் பெயர் அந்தக் குடும்பத்துடையது.

"ரெண்டு பொண்ணுங்கம்மா" என்று பதில் அனுப்பினேன்.

நூறு மீட்டர் போவதற்குள் அடுத்த பதிவு வந்தது. "அப்பச் சரி."